என்பிஏயும் கல்லூரிக் கூடைப்பந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்தை விடாமல் பார்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் நண்பர்களும் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2025இல் முடிந்த சீசனிலிருந்து வருபவை. விதிகளும் முடிவுகளும் தகவல்கள். மற்றவை ஒரு ரசிகனின் கருத்துகள் என்பதால் அவற்றோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

ரெண்டும் கூடைப்பந்துதானே, என்பிஏவுக்கும் காலேஜ் ஆட்டத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். வளையம் பத்தடி உயரத்தில் இருப்பது அதற்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் பொது. என்பிஏ ஆட்டத்தில் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். என்பிஏ அணி 24 நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும், கல்லூரி அணிக்கு 30 நொடிகள் உண்டு. மூன்று புள்ளிக் கோடு என்பிஏயில் 23 அடி 9 அங்குலத் தொலைவில் இருக்கிறது, கல்லூரியில் 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம். கல்லூரியில் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், என்பிஏயில் ஆறாவதோடு.

ஆட்டத்தின் தோற்றத்தையே மாற்றும் விதி வேறொன்று. என்பிஏயில் தடுப்பு ஆட்டக்காரர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்துக்கு முன்னால் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. அதனால்தான் கல்லூரி ஆட்டத்தில் ஓர் உயரமான ஆள் வளையத்தடியிலேயே காவல் நிற்பதையும், உள்ளே நுழைய வழியின்றி எதிரணி வெளியிலேயே பந்தைச் சுற்றிக்கொண்டிருப்பதையும் அடிக்கடி பார்க்கிறோம்.

82 ஆட்டமாமே, அத்தனையையும் பார்த்தால்தான் புரியுமா?

தேவையில்லை. 30 அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு நேராக ப்ளேஆஃப் என்ற கோப்பைச் சுற்றுகளுக்குப் போகின்றன, ஏழு முதல் பத்து வரையிலானவை மீதி இடங்களுக்காக ப்ளே-இன் ஆட்டங்களில் மோதுகின்றன. அதாவது 82 ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகும் 20 அணிகள் உயிரோடு இருக்கின்றன. இப்படி ஓர் அமைப்பில் நவம்பர் மாதத்து ஆட்டம் ஒன்றுக்குத் தனி எடை எங்கிருந்து வரும்? விருப்பமான ஓர் அணியைத் தேர்ந்துகொண்டு வாரத்துக்கு ஓர் ஆட்டம் பார்த்து, ஏப்ரலில் இருந்து முழுமூச்சாக உட்கார்வது போதுமானது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இந்தியாவில் காலை ஆறு மணிக்கு வரும் என்பதால், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

மார்ச் மேட்னஸ் என்று ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

68 கல்லூரி அணிகள், ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு, மூன்று வாரத்தில் சாம்பியன். இதுதான் மொத்த ஏற்பாடும். நான்கு வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை அணிகளுக்கு வரிசை எண் தருகிறார்கள். முதல் சுற்றில் 1ஆம் எண் அணி 16ஆம் எண் அணியோடு மோதும். ஆண்கள் போட்டியில் 16ஆம் எண் அணி வென்ற வரலாறே 2018 வரை கிடையாது. அந்த ஆண்டு யுஎம்பிசி என்ற மேரிலாந்து மாநிலக் கல்லூரி, தரவரிசையில் எல்லாருக்கும் மேலே இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று அடித்து நொறுக்கியது.

2023இல் அது மறுபடி நடந்தது. ஃபேர்லி டிக்கின்சன் அணி முதல்தரக் கல்லூரி அணிகளிலேயே மிகக் குள்ளமான அணி. எதிரே பர்டூவின் ஏழடி நாலங்குல ஸாக் ஈடி. ஈடிக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக நின்று, அவர் கைக்குப் பந்தே சரியாகப் போகாமல் பார்த்துக்கொண்டு 63-58 என்று வென்றார்கள். அந்த ஓர் ஆட்டத்துக்காகவே மார்ச் மாதம் முழுவதும் உட்காரலாம் என்பேன்.

அப்படியானால் ஜெயிக்கிறது நிஜமாகவே நல்ல அணிதானா?

எப்போதும் அல்ல. மேலே சொன்ன யுஎம்பிசி அடுத்த சுற்றிலேயே கான்சஸ் ஸ்டேட்டிடம் தோற்றது. அவமானப்பட்ட வர்ஜீனியா மறு ஆண்டு, 2019இல், கோப்பையையே வென்றது. ஒரே ஆட்டத்தில் எறிகள் விழுவதும் விழாததும் பாதி தலைவிதிதான். என்பிஏயில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். நான்கு வெற்றி பெற்றால்தான் அடுத்த சுற்று. அங்கே ஓர் இரவின் அதிர்ஷ்டம் அணியைக் காப்பாற்றாது, பலவீனத்தை மறைக்கவும் முடியாது. சிறந்த அணி எது என்று தெரிய வேண்டுமானால் என்பிஏ, என்ன நடக்கும் என்று தெரியாமல் தவிக்க வேண்டுமானால் கல்லூரி. ஒன்றிடம் மற்றொன்றின் குணத்தை எதிர்பார்ப்பதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

இப்போ எல்லாரும் மூணு பாயிண்டே எறியறாங்க, ஆட்டமே போரடிக்குதே?

கணக்கு அப்படிச் சொல்கிறது. நூறு முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 36 விழுந்தால் 108 புள்ளிகள். அதே புள்ளிகளை இரண்டு புள்ளி எறிகளில் எடுக்க 54 விழ வேண்டும். கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறிபவர்களில் அந்த அளவுக்குப் போடக்கூடியவர்கள் மிகச் சிலர். எனவே எல்லா அணிகளும் ஒரே முடிவுக்கு வந்தன. 2024-25இல் பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 48 மூன்று புள்ளி எறிகளை எறிந்தது.

என் குறை எண்ணிக்கையைப் பற்றியதல்ல, மூலையைப் பற்றியது. ஆடுகளத்தின் அகலம் 50 அடிதான் என்பதால் 23 அடி 9 அங்குல வளைவு மூலைகளில் இடமின்றி 22 அடியாகச் சுருங்குகிறது. அதாவது மிக எளிய மூன்று புள்ளி எறி மூலையில் இருக்கிறது. எனவே எல்லா அணிகளும் இருவரை இரண்டு மூலைகளிலும் அசையாமல் நிறுத்திவைக்கின்றன. களத்தை அகலப்படுத்தினால் இது தீரும், ஆனால் பக்கவாட்டில் இருக்கும் நாற்காலிகள்தான் அரங்கத்திலேயே விலை கூடியவை என்பதால் எந்த உரிமையாளரும் சம்மதிக்க மாட்டார்.

மூன்று புள்ளியையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் செல்டிக்ஸே சாட்சி. 2025 மே மாதம் நியூயார்க் நிக்ஸோடு ஆடிய தொடரின் முதல் ஆட்டத்தில் 20 புள்ளிகள் முன்னால் இருந்தும், 60 முறை எறிந்து 45ஐத் தவறவிட்டு, கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். எறி விழாத இரவில் வளையத்தை நோக்கி ஓடுவது என்ற மாற்று வழியையே மறந்துவிட்டவர்கள் போல அன்று ஆடினார்கள்.

ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் ஃபவுல் வாங்கியே எம்விபி ஆனவர்தானே?

இந்தக் குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. எம்விபி என்பது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது. ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு ஆடிய ஷே 2024-25இல் ஆட்டத்துக்கு 32.7 புள்ளிகள் எடுத்தார். ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடுப்பில்லாத எறியான ஃப்ரீ த்ரோ ஆட்டத்துக்கு ஒன்பதுக்கும் குறைவு. யானிஸ் அன்டெட்டோகும்போ அவரைவிட அதிகமாக எறிந்தார், யானிஸை யாரும் இப்படித் திட்டவில்லை. ஷே வேகமாக ஓடி வந்து சட்டென்று நின்றுவிடுவார். பின்னால் துரத்தி வருபவரால் நிற்க முடியாமல் இடிப்பார். பாதி ஃபவுல்கள் அந்தத் தடுமாற்றத்தில் வருகின்றன, அது திறமைதான். லேசாகத் தொட்டதும் தலையைப் பின்னுக்கு வெட்டுகிற அந்தப் பழக்கம் மட்டும் எனக்கும் எரிச்சல் தருகிறது. அதற்கு விசில் ஊதாமல் இருக்க வேண்டியவர் நடுவர்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு என்று உட்கார்ந்துகொள்கிறார்களே, சோம்பேறித்தனம் இல்லையா?

சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் 2025 ப்ளேஆஃபை நினைத்துப் பார்க்க வேண்டும். டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், டைரீஸ் ஹாலிபர்டன் என்று மூன்று நட்சத்திரங்களுக்கு ஒரே ப்ளேஆஃபில் குதிகால் தசைநார் அறுந்தது. ஹாலிபர்டன் கெண்டைக்காலில் காயத்தோடு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கு வந்தார், முதல் சில நிமிடங்களிலேயே மூன்று முறை மூன்று புள்ளி எறிந்து போட்டார், பிறகு காலை ஊன்றித் திரும்பும்போது விழுந்து தரையைக் கையால் அறைந்தார். எதிரே யாரும் தொடவில்லை. அவரது இந்தியானா பேசர்ஸ் 103-91 என்று ஓக்லஹோமா சிட்டி தண்டரிடம் தோற்றது. மூன்று பேருக்கும் ஒரே காரணம்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு கேட்பவரைக் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை.

முக்கிய விருதுகளுக்கு 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24 முதல் விதி இருக்கிறது. அது அறிகுறிக்கு மருந்து. நோய் 82 என்ற எண்ணில் இருக்கிறது. மற்ற 29 அணிகளோடும் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று 58 ஆட்டங்கள் வைத்தால் நியாயமும் கிடைக்கும், ஓய்வும் கிடைக்கும். நடக்காது: 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 76 பில்லியன் டாலர் என்று ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கே போகிறது. ஆட்டங்களைக் குறைத்தால் இரு தரப்புக்கும் நட்டம் என்பதால் இரு தரப்பும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

முன்பெல்லாம் ஒரே அணி வரிசையாகக் கோப்பை வாங்குமே, இப்போது ஏன் வருஷத்துக்கு ஒருவர்?

2019 முதல் 2025 வரை டொரான்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி என்று ஏழு ஆண்டுகளில் ஏழு சாம்பியன்கள். 2023இல் வந்த ஊதிய ஒப்பந்தம் செலவு செய்யும் அணிகளின் கையைக் கட்டுகிறது. சம்பளத் தொகை இரண்டாவது உச்சவரம்பைத் தாண்டினால் வரி மட்டுமல்ல, ஆட்டக்காரர்களைச் சேர்த்து மாற்றிக்கொள்வது போன்ற வழிகளும் அடைபடும். 2024இல் வென்ற பாஸ்டன் மறு கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் கைவிட்டது இதனால்தான்.

எல்லா ஊர் ரசிகர்களுக்கும் நம்பிக்கை பிறக்கிறது என்பதால் இதைப் பலர் வரவேற்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பணத்தை வாரி இறைத்து ஆள் பிடித்த அணிக்கும், இளைஞர்களைப் பொறுமையாக வளர்த்து, வளர்ந்த பிறகு அவர்களுக்கு உரிய சம்பளம் தரும் அணிக்கும் ஒரே தண்டனை என்பது சரியில்லை.

வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? அதனால் என்ன லாபம்?

உண்மை, ஆனால் ஆட்டக்காரர்கள் தோற்க முயல்வதில்லை. ஜெயிக்கக்கூடியவர்களை நிர்வாகம் உட்கார வைக்கிறது. கடைசியில் நிற்கும் அணிகளுக்குப் புதிய ஆட்டக்காரர் தேர்வில் முன்னுரிமை கிடைக்கும். ஒரே ஓர் அசாதாரண இளைஞன் ஓர் அணியின் பத்தாண்டுகளை மாற்றிவிட முடியும் என்பதால், மோசமாக இருப்பதற்குப் பரிசு என்ற விபரீதம் வந்து சேர்கிறது. தேர்வின் முதல் இடங்களைக் குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள். 2019 முதல் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் அதில் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பைத் தலா 14 சதவீதமாகச் சமன் செய்தார்கள். 2024-25இல் 17 ஆட்டங்கள் மட்டுமே வென்ற யூட்டா ஜாஸுக்குக் கடைசியில் கிடைத்தது ஐந்தாவது இடம். தன் நட்சத்திர ஆட்டக்காரர் லாரி மார்க்கனெனை ஆடவைக்காததற்காக அதே சீசனில் அந்த அணிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் விழுந்தது.

தோற்றுத்தான் உயர முடியும் என்பதும் முழு உண்மையல்ல. 2025 இறுதித் தொடரில் மோதிய இரு அணிகளையே பாருங்கள். தண்டர் இரண்டு சீசன்கள் தரையில் கிடந்து தேர்வுரிமைகளைக் குவித்தது. ஆனால் அதன் நாயகன் ஷே 2019இல் க்ளிப்பர்ஸிடமிருந்து பரிமாற்றத்தில் வந்தவர். பேசர்ஸோ அப்படி அடிமட்டத்துக்கு இறங்கித் தவம் கிடக்கவே இல்லை. ஹாலிபர்டனையும் சியாக்கமையும் பரிமாற்றத்தில் வாங்கி ஏழாவது ஆட்டம் வரை வந்தது. ஒரே அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதல் நான்கு இடங்களில் தேர்வு செய்யக் கூடாது என்று விதி செய்தாலே பாதி நாடகம் ஓய்ந்துவிடும் என்பது என் எண்ணம். சான் அன்டோனியோவுக்கு 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகளும் முதல் நான்கில் இடம் கிடைத்தது.

லூகாவை விற்றதற்கு ஈடாக டல்லாஸுக்கு முதல் இடம் கொடுத்தார்கள், லாட்டரியே செட்டப்தானே?

சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 2024இல் டல்லாஸை இறுதித் தொடர் வரை இழுத்துச் சென்ற, 25 வயதே ஆன லூகா டான்சிச்சை, 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் லேக்கர்ஸுக்குத் தந்துவிட்டு ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். டேவிஸ் தம் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். அணி ப்ளேஆஃபைத் தவறவிட்டது. மே மாதத்தில் 1.8 சதவீத வாய்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இடத்தைப் பெற்று டியூக் கல்லூரியின் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது.

ஆனால் குலுக்கல் நடக்கும் முறையைப் பார்த்தால் சதிக்கு இடம் குறைவு. 14 பந்துகளில் நான்கு எடுக்கப்படும். அதில் 1,001 சேர்க்கைகள் வரும், ஒன்றை விட்டுவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். டல்லாஸ் கையில் இருந்தவை 18. குலுக்கும் அறையில் போட்டி அணிகளின் ஆட்களும் செய்தியாளர்களும் தணிக்கையாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிய நிகழ்ச்சி நடந்ததே சதிக்குச் சான்று என்றால் மேலே சொன்ன யுஎம்பிசி வெற்றியையும் சந்தேகிக்க வேண்டும். லூகாவைக் கொடுத்தது முட்டாள்தனம் என்பதற்கு மட்டும் குலுக்கல் தேவையில்லை.

ஃப்ளாக் ஏன் ஒரே வருஷத்தில் காலேஜை விட்டுப் போனார்? படிப்பு?

என்பிஏ தேர்வுக்கு வர அந்த ஆண்டு முடிவதற்குள் 19 வயது ஆக வேண்டும், அமெரிக்கராக இருந்தால் பள்ளி முடித்து ஓராண்டும் ஆக வேண்டும் என்ற விதி 2006 தேர்விலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் பள்ளியிலிருந்து நேராகப் போனார்கள். இப்போது அந்த ஓராண்டைக் கழிக்கத்தான் சிறந்தவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். படிப்பு ஒரு சாக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

பணம் புகுந்த பிறகு காலேஜ் ஆட்டம் கெட்டுப்போய்விட்டதா?

பணம் எப்போதும் இருந்தது. பயிற்சியாளர்களிடமும் கல்லூரிகளிடமும் தொலைக்காட்சிகளிடமும் இருந்தது, வியர்வை சிந்தியவனிடம் மட்டும் இல்லை. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாக, முதலாண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை, பங்கு தரலாம். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற, ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் ஏற்பாட்டைப் பற்றியது. 2025இல் கோப்பை வென்ற ஃபுளோரிடாவின் மூன்று முக்கிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வால்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும் வந்தவர்கள். மூன்றும் சிறிய கூடாரங்கள். சிறிய கல்லூரி ஒரு பையனைக் கண்டுபிடித்து வளர்க்கிறது, அவன் தேறியதும் பெரிய கல்லூரி அழைத்துக்கொள்கிறது. அவன் போவதில் தவறில்லை, நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் வளர்த்த கல்லூரிக்கு ஈட்டுத்தொகையாவது கிடைக்க வேண்டாமா? ஐரோப்பியக் கால்பந்தில் இளம் வயதில் பயிற்சி அளித்த சங்கத்துக்குப் பணம் போகிறது, இங்கே அதுவும் இல்லை.

அப்போ இனி சின்ன காலேஜ் அதிசயம் எதுவும் நடக்காதா?

குறையும், நின்றுவிடாது. 2025இல் கடைசி 16 அணிகளும் நான்கு பெரிய கூட்டமைப்புகளிலிருந்தே வந்தன. கடைசி நான்கும் 1ஆம் எண் அணிகளே. முந்தைய பதிலில் சொன்ன இடம்பெயர்வின் நேரடி விளைவு இது என்பது என் கணிப்பு. ஆட்டத்தின் தரம் மட்டும் உயர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹூஸ்டன் இறுதி ஆட்டத்தில் 12 புள்ளிகள் முன்னால் இருந்தது; கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 65-63 என்று ஃபுளோரிடா முன்னேறிய பிறகு, கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் எறிவதற்காக எழும்பினார், கிளேட்டன் பாய்ந்து வருவதைப் பார்த்தார், பந்தைக் கீழே விட்டுவிட்டார். தான் தொட்டால் விதிமீறல் என்பதால், அது தரையில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், நேரம் முடிந்தது.

பெண்கள் ஆட்டம் கெயிட்லின் கிளார்க் போனதும் அடங்கிவிட்டது என்கிறார்களே?

ஐயோவா கல்லூரியின் நட்சத்திரமான கிளார்க் ஆடிய 2024 பெண்கள் கல்லூரி இறுதி ஆட்டத்தை ஏறத்தாழ 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதியை 1.48 கோடிப் பேர். 2025இல் பெய்ஜ் பெக்கர்ஸின் யூகான் (கனெடிகட் பல்கலைக்கழகம்) 82-59 என்று சவுத் கரோலினாவை வென்றபோது பார்வையாளர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இறங்கியது என்பது மெய், 2022ஐ விட மிக அதிகம் என்பதும் மெய்.

பெண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு ஆண்களிடம் இல்லாத ஒரு பலம் உண்டு. பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏயின் தேர்வுக்கு அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 22 வயதை எட்டியிருக்க வேண்டும் என்பதால், ஃப்ளாக் போல ஓராண்டில் மறைவதில்லை. நான்கு ஆண்டுகள் ஒருவரை வளரக் கண்ட பிறகு அவரது கடைசி ஆட்டத்தைப் பார்க்கும் நெருக்கம் வேறு. கிளார்க் எடுத்த 3,951 புள்ளிகள் அந்த நான்காண்டுகளின் கணக்கு.

கடைசியாக ஒன்று: காலேஜில் கொடிகட்டிப் பறந்தவர்கள் என்பிஏயில் ஏன் காணாமல் போகிறார்கள்?

முதல் பதிலில் சொன்ன விதிகளைத் திரும்பப் பாருங்கள். கோடு தள்ளிப் போகிறது, எறிவதற்கான நேரம் குறைகிறது, தடுப்பவர்கள் எல்லாரும் நீண்ட கை உடையவர்கள். 2011இல் நாடே கொண்டாடிய ஜிம்மர் ஃப்ரெடெட் பத்தாவதாகத் தேர்வு செய்யப்பட்டும் நிலைக்கவில்லை. எறியும் திறன் அப்படியே இருந்தது, அதற்கான இடைவெளியைத்தான் என்பிஏ தரவில்லை. மறுபுறம் நிகோலா யோகிச் அமெரிக்கக் கல்லூரி வாசலையே மிதிக்காமல் செர்பியாவிலிருந்து 41ஆவது தேர்வாக வந்து மூன்று முறை எம்விபி ஆனார்.

எனவே கல்லூரிப் புள்ளிகளை விட நான் பார்ப்பது மூன்று: தன்னைவிட உயரமானவரைத் தடுக்க முடிகிறதா, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார், முடிவெடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். கோப்பையை வென்று தந்த கிளேட்டனே 2025 தேர்வில் 18ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். 17 வெற்றிகளோடு கிடந்த யூட்டாவுக்குத்தான் போனார். அவசரப்பட்டு அவரைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.